பேனரில் ஏறாத கணக்கு

(சோமனூரில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூருக்கு வண்டியில் வந்து பாருங்கள். வழி நெடுக ஃபிளெக்ஸ் பேனர். பள்ளியின் பெயர் மேலே, பிள்ளைகளின் படம் நடுவில், படத்துக்குக் கீழே மதிப்பெண். கணக்கில் நூற்றுக்கு நூறு எத்தனை பேர், வேதியியலில் எத்தனை பேர், கட் ஆஃப் நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் எத்தனை பேர் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தப் படங்களில் பலவும் நமக்குத் தெரிந்த முகங்கள். நாலு தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவர் மகள், திருப்பூரில் டைலராக இருக்கிறவர் மகன். பார்க்கும்போது எனக்கும் மனம் நிறைந்துதான் போகிறது.

ஆனால் முப்பத்தைந்து வருடம் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்தியவன் நான். அந்தப் பேனரைப் பார்த்ததும் அதில் இல்லாத ஒரு எண்ணைத்தான் என் கண் தேடும். மூன்று வருடத்துக்கு முன் இதே பேனரில் சிரித்த பிள்ளைகளில் எத்தனை பேர் இன்றைக்கு அரியர் இல்லாமல் படிக்கிறார்கள்? எத்தனை பேர் படிப்பைப் பாதியில் விட்டார்கள்? அந்தக் கணக்கை எந்தப் பள்ளியும் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கு நான் பேச வந்தது அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

என் கதையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் காலத்தில் பள்ளி என்பது பதினோராம் வகுப்பு வரை. அதுதான் எஸ்.எஸ்.எல்.சி. அதற்குப் பிறகு கல்லூரிக்குப் போய் ஓராண்டு பி.யு.சி. படிக்க வேண்டும். அதில் தேறினால்தான் பட்டப்படிப்பு. 1976இல் நான் பி.யு.சி.யில் சேர்ந்தேன். காலையில் சோமனூர் ஸ்டேஷனில் ரயிலேறி கோவைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புவேன். பதினொரு வருடம் தமிழில் படித்துவிட்டுப் போனவனுக்கு அங்கே எல்லாம் ஆங்கிலம். முதல் வாரம் இயற்பியல் வகுப்பில் பேராசிரியர் சொன்னதில் எனக்குப் புரிந்தது, அவர் வருகைப் பதிவில் கூப்பிட்ட என் பெயர் மட்டும்தான். முதல் பருவத் தேர்வில் கணக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் விழுந்தேன்.

அந்த ஓராண்டு எனக்கு என்ன செய்தது என்று பிற்பாடுதான் புரிந்தது. வகுப்பில் கேட்டுக்கொண்டே குறிப்பு எடுக்கக் கற்றேன். ஒரு புத்தகத்தில் விளங்காததை இன்னொரு புத்தகத்தில் தேடக் கற்றேன். விளங்கவில்லை என்று எழுந்து நின்று சொல்லவும் அங்கேதான் கற்றேன். பட்டப்படிப்பு தொடங்குவதற்குள் விழ வேண்டியதெல்லாம் விழுந்து எழுந்தாகிவிட்டது. பி.யு.சி. என்பது கல்லூரிக்குள்ளேயே இருந்த ஒரு வாசல்திண்ணை. உள்ளே போவதற்கு முன் உட்கார்ந்து பழகிக்கொள்ளலாம்.

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. பத்தாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. ஆனது, அதன் மேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று இரண்டு வகுப்புகள் பள்ளிக்கே வந்தன. நல்ல மாற்றம்தான். கிராமத்துப் பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, பதினேழு வயது வரை வீட்டிலிருந்தே படிக்க அது வழி செய்தது. ஆனால் ஒன்றை நாம் மறந்துவிட்டோம். கல்லூரியிலிருந்து எடுத்த அந்த ஓராண்டின் வேலையும் சேர்ந்துதான் பள்ளியின் கைக்கு வந்தது. கல்லூரியில் எப்படிப் படிப்பது என்று பழக்கும் பொறுப்பை, வகுப்பறையோடு சேர்த்துப் பள்ளிதான் வாங்கிக்கொண்டது. பொறுப்பை வாங்கிய பள்ளிகள் அதை என்ன செய்தன?

இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது நம் கொங்கு மண்ணில் நடந்த கதை. தொழிற்படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 1984இலிருந்து நுழைவுத் தேர்வு இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பாரம் என்று 2007இல் சட்டம் போட்டு எடுத்தார்கள். அதன் பிறகு மருத்துவமோ பொறியியலோ, எல்லாவற்றையும் முடிவு செய்தது பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றுதான். அதற்கு முன்பே நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் தனியார் விடுதிப் பள்ளிகள் வளர்ந்து நின்றன. 2007க்குப் பிறகு அவற்றின் புகழ் மாநிலம் முழுக்கப் பரவியது. நம் ஊரிலிருந்தே எத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைத்து அங்கே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டோம் என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தப் பள்ளிகள் செய்த நல்லதை மறைக்கக் கூடாது. லாரி ஓட்டுநர் மகனும் கோழிப்பண்ணைத் தொழிலாளி மகளும் மருத்துவரானார்கள். அந்த ஆசிரியர்களின் உழைப்பு பொய்யில்லை. ஆனால் அந்த முறைக்கு உள்ளே ஒரு ஓட்டை இருந்தது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது, அதன் மதிப்பெண் எங்கேயும் சேராது. அதனால் பல பள்ளிகள் பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்துவிட்டன. ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் படிப்பது, அதையே மாற்றி மாற்றித் தேர்வெழுதுவது, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று காட்டும் புளூபிரிண்ட்டை வைத்துக்கொண்டு வராத பாடத்தைத் தள்ளிவிடுவது. பிளஸ் ஒன் புத்தகம் பெட்டிக்குள் புதுசாகவே கிடந்தது.

அதன் விளைவு என் வகுப்புக்குத்தான் வந்து சேர்ந்தது. ஒரு வருடம் முதல் செமஸ்டரில் வகைநுண்கணிதம் தொடங்கினேன். பிளஸ் டூ கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கிய பையன், அமைதியான பிள்ளை, முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சைன் எக்ஸின் வகைக்கெழு காஸ் எக்ஸ் என்று உடனே சொன்னான். எப்படி வந்தது என்று கேட்டேன். பேசவில்லை. எல்லை என்றால் என்ன, எக்ஸ் பூஜ்யத்தை நெருங்குகிறது என்றால் என்ன பொருள் என்று இறங்கி இறங்கிக் கேட்டேன். கடைசியில் தயங்கிச் சொன்னான்: "சார், அது லெவன்த் போர்ஷனுங்க."

அந்த ஒரு வரியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவன் மேல் ஒரு தவறும் கிடையாது. சொன்னதையெல்லாம் செய்த பிள்ளை அவன். அஸ்திவாரம் போட வேண்டிய வருடத்தை அவனிடமிருந்து பெரியவர்கள் எடுத்துக்கொண்டோம். இயற்பியலில் நியூட்டன் விதிகள், வேதியியலில் மோல், கரிம வேதியியலின் அடிப்படை, கணக்கில் எல்லையும் சார்பும் எல்லாம் பிளஸ் ஒன்னில் இருப்பவை. பொறியியல் முதலாண்டு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பையன் முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பரில் போனான். வாழ்க்கையில் அதற்கு முன் அவன் எதிலும் தோற்றதே இல்லை. தோற்றால் என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவும் இல்லை. வகுப்புக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். நானும் இரண்டு ஆசிரியர்களும் விடாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்ததால் ஐந்தாவது வருடம் பட்டம் வாங்கினான். அப்படிக் கூப்பிட ஆளில்லாமல் போனவர்களும் உண்டு.

தறிக்காரன் மகன் என்பதால் எனக்கு இதை ஒரு விதத்தில்தான் நினைக்க வருகிறது. ஒரு பீம் பாவு ஓடி முடிந்தால் என்ன செய்வோம்? பழைய பாவின் கடைசி இழைகளை அச்சிலிருந்து உருவிவிட மாட்டோம். புதுப் பாவை ஏற்றி, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றையும் பிணைப்போம். ரகத்தைப் பொறுத்து இரண்டாயிரம், மூவாயிரம் இழைகள். என் அப்பா பிணைக்கிற ஆளை வேலை முடியும் வரை அவசரப்படுத்தவே மாட்டார். தறி நிற்கிற நேரம் கூலி போகிற நேரம்தான், ஆனாலும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஓரத்தில் நாலு இழை விட்டுப்போனால், தறி ஓடத்தான் செய்யும். ஆனால் துணியின் நீளம் முழுக்க அந்தக் கோடு தெரியும். காடாத் துணி எடுக்க வருகிறவர் விரித்துப் பார்த்ததும் விலையைக் குறைப்பார். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் அந்தப் பிணைக்கிற நேரம்தான். நாம் அந்த நேரத்திலும் தறியை ஓட்டி மீட்டர் கணக்குப் பார்த்தோம்.

இந்தக் குறை அரசுக்கும் தெரியாமல் இல்லை. 2017 மே மாதம் தேர்வு முடிவுக்கு முந்தின நாள், இனி மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதில்லை என்று சொன்னார்கள். அதே மாதத்தில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் விடுவதால் பிள்ளைகள் கல்லூரியில் திணறுகிறார்கள் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். 1200 மதிப்பெண் 600 ஆனது, புளூபிரிண்ட் போனது. 2018 மார்ச்சில் முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நடந்தது. ஆனால் அந்த வருடம் செப்டம்பரிலேயே, கல்லூரிச் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று மாற்றிவிட்டார்கள். பாதிப் பல் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது மீதியும் போனது. 2025-26 கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை.

தேர்வை எடுத்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய பாரம். ஆனால் இப்போது காவல் இல்லை. இந்த ஜூனில் பிளஸ் ஒன் வகுப்பில் எந்தப் புத்தகம் திறக்கப்படும் என்பதைப் பள்ளியின் மனசாட்சி ஒன்றுதான் முடிவு செய்யப் போகிறது. பள்ளி நிர்வாகிகள் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களைப் பார்த்து நேராகவே கேட்கிறேன்: பழைய வழிக்குப் போகாதீர்கள்.

நீட் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டதே, இரண்டு வருடப் பாடமும் அதில் வருகிறதே என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான், 2017இலிருந்து பெட்டிக்குள் கிடந்த பிளஸ் ஒன் புத்தகத்தை பல பள்ளிகள் வெளியே எடுத்தன. ஆனால் நான்கு விடையில் ஒன்றைக் குறிக்கிற பழக்கம்தான் அதில் வந்தது. கல்லூரியில் ஒரு கணக்கை இரண்டு பக்கம் எழுதி, இந்த அடிக்குப் பிறகு ஏன் அந்த அடி என்று விளக்க வேண்டும். அதற்கு இது உதவாது.

பாடம் மட்டுமே குறை என்று நினைத்துவிடாதீர்கள். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. காலை ஐந்து மணிக்கு எழுப்பி, இரவு பத்து மணி வரை பக்கத்தில் ஆள் நின்று படிக்க வைக்கிறோம். எந்த மணிக்கு எந்தப் பாடம் என்பதைப் பள்ளி சொல்கிறது. தினம் ஒரு தேர்வு, தினம் ஒரு மதிப்பெண், குறைந்தால் அன்றைக்கே வீட்டுக்குத் தகவல். இப்படி இரண்டு வருடம் வளர்ந்த பிள்ளை கல்லூரிக்கு வருகிறது. அங்கே தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, யாரும் எழுப்புவதில்லை, படித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. சோம்பேறித்தனத்தால் விழுகிற பிள்ளைகள் குறைவு. தானாக உட்கார்ந்து படிப்பது எப்படி என்று தெரியாமல் விழுகிறவர்கள்தான் அதிகம். ஒரு மாணவி என்னிடம் சொன்னாள்: "சார், எனக்கு எது முக்கியம்னு நீங்க டிக் போட்டுக் குடுத்தா நான் எல்லாத்தையும் படிச்சுருவனுங்க." படிக்கத் தெரிந்த பிள்ளைதான். எது முக்கியம் என்று தீர்மானிக்கும் வேலை அவள் கைக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

ஆகவே பிளஸ் டூவில் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது பிள்ளையைத் தனியே விடுங்கள். நடத்தாத ஒரு பாடத்தைத் தானே படித்து, வகுப்புக்கு வந்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. செய்முறைத் தேர்வுக்குப் பழைய ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதை விட்டு, கையால் பிப்பெட் பிடித்து டைட்ரேஷன் செய்யட்டும். வாரம் ஒரு வகுப்பு ஆங்கிலத்தில் கேட்டுக் குறிப்பெடுக்கட்டும். ஆங்கிலவழிப் பள்ளி என்று பலகை இருக்கும். உள்ளே பாடம் தமிழில் நடக்கும், விடை மட்டும் ஆங்கிலத்தில் மனப்பாடமாகும். தமிழில் விளங்க வைப்பதில் தவறே இல்லை, நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். ஆனால் காதும் கையும் ஆங்கிலத்துக்குப் பழகாமல் பிள்ளையை அனுப்பினால், 1976இல் நான் ஒரு வருடம் விழுந்து எழுந்ததை அவன் பட்டப்படிப்பின் முதல் செமஸ்டரிலேயே செய்ய வேண்டி வரும்.

நாம் எத்தனை பெரிய சிக்கலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள் தேர்வெழுதாமலே தேர்ச்சி என்று மாநில அரசு அறிவித்தது. அன்றைக்கு ஊர் ஊராக வாழ்த்துப் பேனர் வைத்தார்கள். பிறகு அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியைப் பார்த்தபோது, எத்தனை வீடுகளில் இந்தச் சுமையை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்று நினைத்து என் மனம் கனத்தது. 2021-22 கணக்குப்படி உயர்கல்விக்குப் போகிற இளைஞர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 28 பேர். தமிழ்நாட்டில் 47 பேர். சேர்வதில் நாம் ஜெயித்துவிட்டோம். இனி முடிப்பதைப் பற்றிப் பேச வேண்டும். அப்படிப் பேசத் துணிந்த பள்ளிகளும் உண்டு.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 1994இல் இரண்டு இளம் ஆசிரியர்கள் தொடங்கிய முயற்சி ஒன்று, கிப் என்ற பெயரில் பெரிய பள்ளிக் குழுமமாக வளர்ந்தது. அரசுப் பணத்தில் தனியார் நடத்துகிற பள்ளிகள். படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுக் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள். தேர்வு மதிப்பெண்ணில் அந்தப் பள்ளிகள் பேர் வாங்கின. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. எட்டாம் வகுப்பு முடித்துப் பத்து வருடம் ஆன தங்கள் முதல் மாணவர்களைத் தேடிப் போய், எத்தனை பேர் நான்கு வருடப் பட்டம் முடித்தார்கள் என்று எண்ணினார்கள். மூன்றில் ஒருவர்தான் முடித்திருந்தார். அதே போன்ற ஏழைக் குடும்பங்களின் நிலையோடு பார்த்தால் அது பல மடங்கு அதிகம். ஆனாலும் அவர்கள் வைத்திருந்த குறியில் பாதியைக்கூட எட்டவில்லை. அதை மறைக்காமல் 2011இல் அவர்களே அறிக்கையாக வெளியிட்டார்கள். பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளைக் கல்லூரி முடியும் வரை பின்தொடர்ந்து உதவ ஆட்களையும் வைத்தார்கள். எனக்கு அவர்களுடைய எல்லா முறைகளும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணுகிற துணிச்சலுக்கு நான் தலை வணங்குகிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரு சில வார்த்தை. 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்றதை நாம் மறக்கவில்லை. ஒரு மாதம் ஊரில் சத்தமே இல்லை. அந்த மாதமும் பள்ளிக் கட்டணம் நிற்கவில்லை. இத்தனை சிரமத்தில் தனியார் பள்ளிக்குக் கட்டுகிறோம் என்றால் எதை வாங்குகிறோம், எதை விடுகிறோம் என்று தெரிந்துதான் கட்ட வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலிருந்தும், பொறியியல் முதலிய படிப்புகளில் 2021இலிருந்தும் ஏழரை சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாயும் வருகிறது. கட்டணம் கட்டிப் படிக்கிற தனியார் பள்ளிப் பிள்ளைக்கு இவை கிடையாது. ஆனால் வீட்டில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளைக்கு, எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்பு கிடைத்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010இலிருந்து இருக்கிறது. அதற்கான முதல் பட்டதாரி சான்றிதழுக்காக ஜூன் மாதம் இ-சேவை மையத்தில் அடித்துப் பிடித்து நிற்பதைவிட, பிள்ளை பிளஸ் ஒன்னில் இருக்கும்போதே பள்ளி எல்லோரையும் உட்கார வைத்து வாங்கிக் கொடுக்கலாம். ஒரு சனிக்கிழமை வேலைதான்.

ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கு இப்படிப் பொறுப்பெடுப்பதில் பக்கத்திலேயே நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 1926இல் பீளமேட்டில் நான்கு சகோதரர்கள் தங்கள் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு என்று எழுதி வைத்தார்கள். அதுதான் பி.எஸ்.ஜி. அறநிலையம். பள்ளி, பாலிடெக்னிக், கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தது. அந்த மனம் படைத்த ஊர்க்காரர்கள் நடத்துகிற பள்ளிகளும் இன்று இருக்கின்றன. அவர்களிடம்தான் நான் ஒன்றை உரிமையோடு கேட்கிறேன்.

வருகிற பொங்கல் விடுமுறையில் கல்லூரியிலிருந்து பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். உங்கள் பள்ளியில் மூன்று வருடத்துக்கு முன் முடித்த எல்லோரையும் ஒரு நாள் கூப்பிடுங்கள். பேனரில் வந்த பிள்ளையை மட்டும் கூப்பிடாதீர்கள். அரியர் வைத்திருக்கும் பிள்ளையையும், படிப்பை விட்டு பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட பிள்ளையையும் வீட்டுக்கே போய் அழையுங்கள். நாங்கள் எதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டோம் என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி, இப்போது பிளஸ் ஒன் நடத்துகிற ஆசிரியர் மேசையில் வையுங்கள்.

அம்மாக்களே, அப்பாக்களே, அடுத்த மே மாதம் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது அலுவலகத்தில் மதிப்பெண் பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். வாங்கிப் பாருங்கள். பார்த்துவிட்டு, "மூணு வருசத்துக்கு முன்னால இங்க முடிச்ச பசங்க இப்ப எப்படிப் படிக்கறாங்க, சொல்லுங்க" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வருகிற வரைக்கும் எழுந்திருக்காதீர்கள்.